சம்பளத்தாளுக்கு வெளியே இருப்பவை: நோர்வே வேலைத்தளங்களில் எமக்குள்ள நலன்களும் நாம் கேட்காமல் விட்டவையும்

ஒஸ்லோவின் கிழக்கே ஹெல்ஸ்பீர் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் பிர்ஸ்திக்அல்லேயன் என்ற வீதி வரும். பிர்ஸ்திக் என்றால் தீக்குச்சி. வேலையின்மைப் பணம், சுகவீனப் பணம், ஓய்வூதியம் என்று நாம் எதற்கெடுத்தாலும் பெயர் சொல்லும் நாவ் திணைக்களத்தின் தலைமையகம் இந்த வீதியின் முதலாம் இலக்கத்தில்தான் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்து அலுவலகங்களைத் துப்புரவு செய்த எம்மவர்கள் நிறையப் பேர். நானும் சில ஆண்டுகள் அதிகாலை ஐந்து மணிக்கு அங்கு இறங்கி நடந்தவன். வீதிக்கு ஏன் அந்தப் பெயர் என்று அப்போது யோசித்ததில்லை.

1889 ஒக்ரோபரில் கிறிஸ்தியானியாவில் (ஒஸ்லோவின் அன்றைய பெயர் அது) புரீன், குரோன்வோல்ட் ஆகிய இரு தீப்பெட்டித் தொழிற்சாலைகளின் பெண் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். முந்நூறுக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். கூலி சொற்பம், நேரம் அதிகம். அதைவிடக் கொடியது வெள்ளைப் பொசுபரசு. அதன் ஆவியை மாதக்கணக்கில் சுவாசித்தவர்களுக்குப் பல் விழுந்து தாடை எலும்பே அழுகிப்போகும். எழுத்தாளர் பியோர்ன்ஸ்தியார்ன பியோர்ன்சன், மருத்துவர் ஒஸ்கார் நிசன் போன்றவர்கள் அவர்களுக்காகப் பேசினார்கள், பணம் சேர்த்தார்கள். கூலியில் அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். ஆனால் அவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1892இல், நோர்வேயின் முதலாவது தொழிற்சாலை மேற்பார்வைச் சட்டம் வந்தது. இன்று ஆர்பைட்ஸ்தில்சீனே என்று நாம் அறிந்திருக்கும் தொழில் மேற்பார்வைத் திணைக்களத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1919இல் எட்டு மணி நேர வேலைநாள் சட்டமாயிற்று. 1977இல் வேலைச்சூழல் சட்டம், 1978 யூலையில் முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளத்துடனான சுகவீன விடுப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எம்மவரில் பலர் இந்த நலன்களை முதலாளி மனமிரங்கித் தரும் உபகாரமாகவே இன்றும் பார்க்கிறார்கள். "அந்த மனுசன் எனக்கு நல்லாத்தான் செய்தவர், அவரிட்டை இதைப் போய்க் கேக்கிறதோ?" என்று ஒரு அண்ணை என்னிடம் கேட்டார். அவர் கேட்கத் தயங்கியது சட்டப்படி அவருக்கு வரவேண்டிய விடுமுறைப் பணத்தை.

எண்பதுகளில் மக்கள் உயர்பாடசாலைகள் வழியாகவும் அகதிகளாகவும் வந்த எம்மவர்கள் முதலில் வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்றார்கள். பின்னர் குடும்பத்துடன் ஒஸ்லோவுக்கு இறங்கி, துப்புரவு, உணவக அடுக்களை, முதியோர் இல்லம், பேருந்து, தபால் என்று பரவினார்கள். பிள்ளைகள் மருத்துவரும் பொறியியலாளரும் ஆகிவிட்டார்கள். ஆனால் முதலில் வந்த அந்தத் தலைமுறைக்கு இப்போது அறுபதை ஒட்டிய வயது. முழங்கால், தோள்மூட்டு, முதுகு எல்லாம் கணக்குக் கேட்கும் காலம். கீழே எழுதுபவை முதலில் அவர்களுக்காக. அடுத்து, சிறு நிறுவனங்களை நடத்தும் எம்மவர்களுக்காகவும்.

சுகவீன விடுப்பு: பயம் எதற்கு?

ஏகன்மெல்டிங் என்பது மருத்துவரிடம் போகாமல், "எனக்குச் சுகமில்லை" என்று நாமே அறிவித்து வீட்டில் நிற்கும் உரிமை. ஒரு நிறுவனத்தில் இரண்டு மாதம் வேலை செய்திருந்தால், ஒரு தடவையில் மூன்று நாட்கள்வரை, பன்னிரண்டு மாதத்துக்குள் நான்கு தடவைகள் இதைப் பயன்படுத்தலாம். பல நிறுவனங்கள் இதைவிடத் தாராளமாக, ஒரு தடவையில் எட்டு நாட்கள், ஆண்டுக்கு இருபத்துநான்கு நாட்கள் என்று வைத்திருக்கின்றன. உங்கள் நிறுவனத்தில் எது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் என்றால் குடும்ப மருத்துவரின் சீக்மெல்டிங் வேண்டும். முதல் பதினாறு நாட்களுக்கான பணத்தை நிறுவனம் கொடுக்கும், அதன்பின் நாவ் பொறுப்பு. மொத்தம் 52 வாரங்கள் வரை முழுச் சம்பளம் கிடைக்கும். நாவ் கொடுப்பதற்கு மட்டும் ஓர் உச்சவரம்பு உண்டு: ஆண்டுச் சம்பளம் அடிப்படைத் தொகையின் ஆறு மடங்கைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு நாவ் பணம் தராது. 2025 மே 1இல் அடிப்படைத் தொகை 130,160 குரோணராக இருந்தது. ஆறு மடங்கு 780,960. துப்புரவிலோ அடுக்களையிலோ நிற்கும் எம்மவர் இந்த உச்சவரம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இவ்வளவு இருந்தும் காய்ச்சலோடு வேலைக்குப் போகிறவர்கள் எம்மிடையே அதிகம். கேட்டால் மூன்று காரணம் சொல்வார்கள். வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், வருத்தம் என்னவென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், கூட வேலை செய்கிறவருக்குச் சுமை. முதலாவதற்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. நோய் காரணமாக வேலைக்கு வராதவரை, நோய்வாய்ப்பட்ட நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் அந்தக் காரணத்துக்காக வேலைநீக்கம் செய்ய முடியாது. இரண்டாவதற்கும் தெளிவான பதில் உண்டு: உங்கள் நோயின் பெயரைக் கேட்டறியும் உரிமை முதலாளிக்குக் கிடையாது. எந்த வேலையைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும். மன அழுத்தம், மாதவிடாய் நிற்கும் காலத்து உபாதை, சலரோகம் எதுவாயினும் அது உங்களுக்கும் மருத்துவருக்கும் இடையிலானது. மூன்றாவது காரணம் மனச்சாட்சியோடு தொடர்புடையது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஆள் குறையும்போது பதிலாள் போடுவது முதலாளியின் கடமை, உங்களுடையது அல்ல.

நீண்ட விடுப்பில் போனவர்கள் கூட்டங்களுக்கு அழைக்கப்படும்போது பதறுகிறார்கள். அது விசாரணை அல்ல. நான்கு வாரத்துக்குள் முதலாளி உங்களுடன் சேர்ந்து ஒரு திட்டம் எழுத வேண்டும், ஏழு வாரத்துக்குள் ஒரு கலந்துரையாடல் நடத்த வேண்டும், இருபத்தாறு வாரத்துக்குள் நாவ் ஒரு கூட்டம் கூட்டும். பாரம் குறைந்த வேலை, குறைந்த நேரம், வேறு உபகரணம் என்று நீங்கள் கேட்க வேண்டிய இடம் அதுதான். பாதி வேலை பாதி விடுப்பு என்ற வசதியும் உண்டு. தொழிற்சங்கப் பிரதிநிதியையோ நம்பிக்கையான ஒருவரையோ உடன் அழைத்துப் போகலாம்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. மகளை, மகனை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு நாவுக்கும் வைத்தியசாலைக்கும் போவது எமக்குப் பழகிப்போன விடயம். 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், அரச அலுவலகங்கள் சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது அலுவலகத்தின் கடமை. தாயின் உடலுபாதையைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்லவைக்கும் கொடுமை இனியாவது நிற்கட்டும்.

பிள்ளைக்குச் சுகமில்லாவிட்டாலும் விடுப்பு உண்டு. பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குப் பத்து நாட்கள், மூன்று பிள்ளைகள் அல்லது அதற்கு மேல் என்றால் பதினைந்து. "ஒவ்வொருவருக்கும்" என்ற சொல்லைத் தகப்பன்மார் கவனிக்கவும்.

தோள்மூட்டின் கணக்கு

தீப்பெட்டிப் பெண்களின் தாடைக்கும் எங்கள் தோள்மூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலரும் அறிய மாட்டார்கள். நோர்வேயின் சமூகக் காப்புறுதிச் சட்டம் வேலைக் காயம், தொழில்நோய் இரண்டையும் அங்கீகரிக்கிறது. ஈயம், கல்நார், இரைச்சல், இரசாயனம் போன்றவற்றால் வரும் நோய்கள் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் நெடுங்காலப் பளுவால் தசைகளிலும் எலும்பு மூட்டுகளிலும் மெல்ல மெல்ல உருவாகும் உபாதை தொழில்நோயாகக் கருதப்படாது என்று சட்டமே சொல்கிறது. இருபது வருடம் தரை துடைத்துத் தேய்ந்த தோளுக்கும், முதியோரைத் தூக்கித் தூக்கி வளைந்த முதுகுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆண்கள் நிறைந்த கனரகத் தொழில்களை மனதில் வைத்து எழுதிய பட்டியல் இது, பெண்கள் செய்யும் வேலைகளின் வலி இதில் ஏறவில்லை என்ற விமர்சனம் நோர்வேஜியரிடையேயும் நீண்டகாலமாக இருக்கிறது. அந்த விமர்சனம் சரியானது என்பதே என் கருத்து.

ஆகவே இரண்டு விடயங்கள் முக்கியமாகின்றன. ஒன்று, விபத்து. ஈரப் படியில் சறுக்கி விழுந்தது, இயந்திரம் இழுத்துக் கை திரும்பியது, நோயாளி தள்ளியதில் சுவரில் மோதியது, இவையெல்லாம் வேலை விபத்துகள். அன்றைக்கே எழுத்தில் அறிவியுங்கள். மருத்துவரிடம் போய், எங்கே, எப்படி நடந்தது என்பதைப் பதிவில் ஏற்றுங்கள். நாவுக்கு அறிவிக்கும் கடமை முதலாளியுடையது. அவர் செய்யாவிட்டால் நீங்களே செய்யலாம், ஒரு வருடத்துக்குள். "சின்ன அடிதானே" என்று விட்டுவிட்டு, மூன்று வருடம் கழித்துச் சத்திரசிகிச்சை என்று வரும்போது தாள் ஒன்றும் இல்லாமல் நிற்பவர்களை நான் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்த காலத்தில் அடிக்கடி சந்தித்தேன். 1990 முதல் ஒவ்வொரு முதலாளியும் வேலைக்காயக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் எடுக்காமல் விட்டிருந்தாலும் தொழிலாளிக்கு இழப்பீடு கிடைக்க வழியுண்டு. அதற்கென்று காப்புறுதி நிறுவனங்களின் ஒரு சங்கம் இருக்கிறது.

இரண்டாவது, தேய்வதற்கு முன்னரே தடுப்பது. பின்னர் இழப்பீடு கிடையாது என்றால் முன்னரே பேச வேண்டும் அல்லவா? ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் வார்னஒம்பூட் எனப்படும் பாதுகாப்புப் பிரதிநிதி இருக்க வேண்டும். ஐந்து பேர் இருந்தாலே போதும், 2024 முதல் அதுதான் எல்லை. உடனடி ஆபத்து என்று கண்டால் வேலையை நிறுத்திவைக்கும் அதிகாரம்கூட அவருக்கு உண்டு. துப்புரவு, மருத்துவப் பராமரிப்பு நிறுவனங்கள் தொழிற்சுகாதார சேவை ஒன்றுடன் கட்டாயமாக இணைந்திருக்க வேண்டும். அந்தச் சேவையின் இயன்மருத்துவர் வந்து நீங்கள் துடைப்பம் பிடிக்கும் உயரத்தைப் பார்த்து மாற்றிச் சொல்வார். கேட்டால்தான் வருவார். கைப்பிடியை நாடி உயரத்துக்கு நீட்டி வைத்ததால் மட்டும் என் வலது தோள் எத்தனையோ வருடம் கூடத் தாங்கியது என்று நம்புகிறேன். அதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு போலந்துக்காரி. நிறுவனம் சொல்லித்தரவில்லை.

விடுமுறையும் நல்லூரும்

விடுமுறைப் பணம் எனப்படும் பேரியபெங்கர், முந்திய ஆண்டு உழைத்த பணத்தின் 10.2 வீதம். தாரிப் ஒப்பந்தம் உள்ள இடங்களில் ஐந்தாவது வாரமும் சேர்ந்து 12 வீதம். அறுபது வயதானவர்களுக்கு மேலும் ஒரு வாரமும் அதற்கேற்ப 2.3 வீதமும். மணித்தியாலக் கூலிக்குள் விடுமுறைப் பணமும் அடங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அப்படிச் சேர்த்துக் கொடுப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

யூன் 1 முதல் செப்ரெம்பர் 30 வரையான காலத்தில் தொடர்ச்சியாக மூன்று வாரம் விடுமுறை கேட்கும் உரிமை உண்டு. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாட்கள். தேர், தீர்த்தம் வரை நிற்க வேண்டும் என்பவர்கள் வசந்த காலத்திலேயே முதலாளியுடன் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. விடுமுறை எப்போது என்பதைக் குறைந்தது இரண்டு மாதம் முன்னதாக அறிந்துகொள்ளும் உரிமையும் உங்களுக்குண்டு. விமானச்சீட்டை வாங்கிவிட்டுப் பிறகு கேட்பதுதான் எம்மவர் வழக்கம்.

ஓய்வூதியத்தில் விழுந்த ஓட்டை

நோர்வேயில் ஓய்வூதியம் மூன்று அடுக்கு. அரசு தருவது ஒன்று, முதலாளி சேர்ப்பது ஒன்று, நாமாகச் சேமிப்பது ஒன்று. நடுவிலுள்ள அடுக்கில்தான் எம்மவர் பலர் தெரியாமலே இழந்தார்கள். 2006இல் வந்த கட்டாய வேலை ஓய்வூதியச் சட்டப்படி முதலாளி குறைந்தது சம்பளத்தின் 2 வீதத்தைச் சேர்க்க வேண்டும். ஆனால் அந்த 2 வீதம் அடிப்படைத் தொகைக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு மட்டுமே என்று இருந்தது. ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான வேலை என்றால் அதுவுமில்லை.

துப்புரவுத் தொழிலின் இயல்பு தெரிந்தவர்களுக்கு இதன் விளைவு உடனே புரியும். காலையில் ஒரு நிறுவனம், மாலையில் இன்னொன்று, சனி ஞாயிறு வேறொன்று என்று மூன்று முதலாளிகளிடம் உழைத்தவர் ஒருவர். ஒவ்வொரு முதலாளியும் தனித்தனியே முதலாவது அடிப்படைத் தொகையைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கே கணக்குப் பார்த்தார். ஒரே இடத்தில் முழுநேரம் வேலை செய்தவருக்கு அந்தக் கழிவு ஒரு தடவை, இவருக்கு மூன்று தடவை. 2025 மே மாத அடிப்படைத் தொகையில் பார்த்தால் ஒரு கழிவு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,600 குரோணர். பதினைந்து வருடத்துக்கும் வட்டியோடும் பெருக்கிப் பாருங்கள். 2022 முதல் இந்த விதி மாறியது. இப்போது முதலாவது குரோணரிலிருந்தே, சிறு வேலைகளுக்கும், 2 வீதம் சேர்க்க வேண்டும். முன்பு விட்டுப்போனது திரும்பி வராது. ஆனால் 2022க்குப் பின்னும் உங்கள் முதலாளி சேர்க்கிறாரா என்று பார்ப்பது உங்கள் கையில். நோர்ஸ்க் பென்ஷூன் இணையத்தளத்தில் வங்கி அடையாளத்துடன் உள்நுழைந்தால் எல்லாக் கணக்குகளும் ஒரே இடத்தில் தெரியும். முடியாவிட்டால் பிள்ளையிடம் பதினைந்து நிமிடம் கேளுங்கள். மொழிபெயர்க்கக் கூட்டிப்போவதைவிட இது நல்ல உதவி.

இதைவிடப் பெரிய தொகை ஏ.எப்.பி. எனப்படும் ஒப்பந்த ஓய்வூதியம். தனியார் துறையில் இது தாரிப் ஒப்பந்தம் உள்ள நிறுவனங்களில் மட்டும் கிடைக்கும், வாழ்நாள் முழுவதும் மாதா மாதம் வரும். நிபந்தனை கடுமையானது: 62 வயதை எட்டுவதற்கு முந்திய ஒன்பது ஆண்டுகளில் ஏழு ஆண்டுகள் அப்படியான நிறுவனத்தில் வேலை செய்திருக்க வேண்டும். ஓய்வூதியம் எடுக்கும்போதும் அங்கே வேலையில் இருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒருவர், இருபத்தாறு வருடம் ஒரே பெரிய நிறுவனத்தில் இருந்தவர், ஐம்பத்தொன்பதாவது வயதில் வீட்டுக்குக் கிட்ட என்பதற்காகவும் மணிக்குப் பத்துக் குரோணர் கூட என்பதற்காகவும் ஒரு சிறு நிறுவனத்துக்கு மாறினார். அங்கே தாரிப் ஒப்பந்தம் இல்லை. அவருடைய கடைசி ஒன்பது ஆண்டுகளில் ஆறுதான் கணக்கில் வந்தது. ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. பழைய முதலாளிக்குச் சொல்லும் கடமை இல்லை, புதியவருக்கு அக்கறை இல்லை, அவர் சங்கத்தில் சேர்ந்திருக்கவுமில்லை. ஐம்பத்துமூன்று வயதைத் தாண்டிய எவரும் வேலை மாறுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அங்கே தாரிப் ஒப்பந்தம் இருக்கிறதா?" என்பதுதான். ஒஸ்லோ மாநகரசபை, அரச வைத்தியசாலை போன்ற பொதுத்துறை இடங்களுக்கு விதிகள் வேறு.

சங்கம் என்று சொன்னபடியால்: தனியார் துப்புரவுத் தொழிலாளருக்கு நோர்ஸ்க் ஆர்பைட்ஸ்மான்ஸ்போர்புன், மாநகரசபை, முதியோர் இல்ல ஊழியருக்கு பாக்போர்புண்டே, விடுதி, உணவகம் என்றால் பெல்லஸ்போர்புண்டே. மாதச் சந்தா வீண் செலவு என்று நினைப்பவர்கள் மேலே சொன்ன நண்பரின் கதையை இன்னொரு முறை வாசிக்கலாம்.

எம்மவர் முதலாளியானால்

துப்புரவு நிறுவனம், உணவகம், பலசரக்குக் கடை என்று எம்மவர் பலர் இன்று மற்றவருக்கு வேலை கொடுக்கிறார்கள். பெருமைதான். ஆனால் "சொந்தக்காரப் பெடியன்தானே, கணக்கு வழக்கு எதற்கு?" என்ற எண்ணம் இங்கே இருவரையும் விழுத்தும். வேலை தொடங்கி ஏழு நாளுக்குள் எழுத்து ஒப்பந்தம், வங்கிக் கணக்கு வழியாகச் சம்பளம், வேலைநேரப் பதிவு, ஓய்வூதியம், வேலைக்காயக் காப்புறுதி ஆகியவை ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தாலும் பொருந்தும். முதலாளி தானே வேலைப் பாதுகாப்புப் பயிற்சி எடுக்க வேண்டும். அதற்கு வேறொருவரை அனுப்ப முடியாது.

துப்புரவுத் துறையில் இன்னும் இறுக்கம். 2011 முதல் அத்துறையின் அடிப்படைச் சம்பளம் எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. 2012 செப்ரெம்பர் முதல் ஆர்பைட்ஸ்தில்சீனேயின் அங்கீகாரம் இல்லாத நிறுவனம் இயங்க முடியாது. அதனிடம் சேவை வாங்குவதும் சட்டவிரோதம். வேலையாள் ஒவ்வொருவரும் ஹோ.எம்.எஸ். அட்டை வைத்திருக்க வேண்டும். இந்த இறுக்கம் சும்மா வரவில்லை. கறுப்புக் காசும் பதினான்கு மணி நேர வேலையும் அத்துறையைத் தின்றுகொண்டிருந்தன. அதே 2011இன் தொடக்கத்தில்தான், எம்மவர் நிறையப் பேர் வாழும் குரூட் பள்ளத்தாக்கின் அம்மெருட் பகுதியில், அடெக்கோ நிறுவனம் நடத்திய முதியோர் இல்லத்தில் ஊழியர்களின் வேலைநேர மீறல்களும் கொடுக்கப்படாத மேலதிக நேரச் சம்பளமும் நோர்வே ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் செய்திகளால் நாடு முழுவதும் பேசப்பட்டன. பெரிய பன்னாட்டு நிறுவனத்துக்கே அந்த நிலை.

சிறு நிறுவனம் நடத்தும் தம்பி ஒருவர் என்னிடம் சொன்னார்: "அண்ணை, நான் இதெல்லாம் செய்தால் மற்றவன் மலிவாக ஒப்பந்தத்தை எடுத்துப்போடுவான்." அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. விலையைத் தரைமட்டத்துக்கு அடிக்கும் வாடிக்கையாளரும் இதில் பங்காளி. என்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவதால் அவருக்குப் போகும் நேரத்தையும் பணத்தையும் அவர் ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. கேட்டேன், சிரித்தார்.

ஒரு பூங்கொத்தும் ஒரு பதக்கமும்

கடைசியாக, காசு அல்லாத ஒன்று. நோர்வே வேலைத்தளங்களில் பாராட்டு பெரும்பாலும் கேக்கின் வடிவில் வரும். ஐம்பது வயதானால் கேக், பிள்ளை பிறந்தால் கேக், வெள்ளிக்கிழமைக்கு ஒரு கேக். மார்கழியில் யூலபூர் விருந்து. அரச வரிவிதியும் இதற்கு இடம் வைத்திருக்கிறது: முதலாளி ஆண்டுதோறும் தரும் பணமல்லாத பரிசுக்கான வரியில்லா எல்லை 2021இல் 5,000 குரோணராக உயர்த்தப்பட்டது. ஆனால் பல அலுவலகங்களில் அந்தக் கேக்கை வெட்டிய மேசையை மாலையில் துடைப்பவர் அந்த அலுவலகத்தின் ஊழியர் அல்ல, ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். யூலபூருக்கும் அவருக்கு அழைப்பு வராது, மறுநாள் அதிகாலை அந்த மண்டபத்தைச் சுத்தம் செய்ய மட்டும் வரும். சில இடங்களில் நல்ல மனமுள்ள ஒருவர் ஒரு துண்டை மூடி வைத்து, பெயர் எழுதி விட்டுப் போவார். என் பெயரை முதன்முதலில் பிழையில்லாமல் எழுதியது அப்படியொரு துண்டின் மேலிருந்த மஞ்சள் தாளில்தான்.

வருடாந்த ஊழியர் உரையாடல் என்று ஒன்று நடக்கும். மேலாளர் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருப்பார். எம்மவர் "எல்லாம் நல்லது" என்று சொல்லிப் பத்து நிமிடத்தில் எழும்பிவிடுவார்கள். அது பணிவு என்று நாம் நினைக்கிறோம். எதிரே இருப்பவர், இவருக்கு ஆர்வம் இல்லை என்று குறித்துக்கொள்கிறார். பயிற்சி, தொழிற்சான்றிதழ், குழுத்தலைமை எல்லாம் அந்த அறையில்தான் பேசப்படும். இரண்டு வசனம் முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

நோர்வேயில் நீண்டகால உண்மையான சேவைக்கென்று ஒரு பதக்கம் இருக்கிறது. நோர்கஸ் வெல் என்ற அமைப்பு 1888 முதல், தீப்பெட்டிப் பெண்கள் வீதிக்கு வருவதற்கு முந்திய வருடத்திலிருந்து, வழங்கிவருகிறது. ஒரே நிறுவனத்தில் முப்பது வருடம் சேவை செய்தவருக்கு அது உரியது. தொழிலாளி தானே விண்ணப்பிக்க முடியாது, முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும். எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த எம்மவரில் அந்த முப்பது வருடத்தைத் தாண்டியவர்கள் இன்று இருக்கிறார்கள். முதியோர் இல்லத்திலும் வைத்தியசாலைச் சலவைப் பகுதியிலும் தபாலிலும் அவர்களைக் காணலாம். தயவுசெய்து ஒருவர் மேலாளரிடம் ஞாபகப்படுத்துங்கள். பிள்ளைகளே செய்யலாம், சக ஊழியர் செய்யலாம். ஒரு மின்னஞ்சல் போதும்.

துப்புரவு செய்தவர்களுக்கு அதிலும் ஒரு சிக்கல். கட்டிடம் ஒன்றுதான், தளம் ஒன்றுதான், வாளி வைக்கும் அலுமாரிகூட ஒன்றுதான். ஆனால் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கேள்விப்பத்திரத்தில் நிறுவனம் மாறும். மேலங்கியின் நிறமும் மாறும். நிறுவனம் கைமாறும்போது ஊழியரின் சேவைக்காலமும் உரிமைகளும் தொடர வேண்டும் என்று வேலைச்சூழல் சட்டத்தின் பதினாறாம் அத்தியாயம் சொல்கிறது. ஒரு கேள்விப்பத்திர மாற்றம் அப்படியான கைமாறலாகக் கருதப்படுமா என்பது ஒவ்வொரு சம்பவத்தையும் பொறுத்தது. சங்கத்தின் சட்டத்தரணியிடம் கேட்டு முடிவெடுக்க வேண்டியது. எனவே ஒவ்வொரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தையும் சம்பளத்தாளையும் சேவைச் சான்றிதழையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். வேலையை விட்டு விலகும்போது சேவைச் சான்றிதழ் கேட்பது உங்கள் உரிமை.

என்னுடைய கோப்பில் ஐந்து நிறுவனங்களின் பெயர்கள் இருக்கின்றன. கட்டிடம் ஒன்றே ஒன்றுதான். அதன் மூன்றாம் மாடியில் பதினெட்டு வருடம் இருந்த ஒரு அம்மா, ஓய்வுபெற்றுப் போன நாளில், தனக்குக் கிடைத்த பூங்கொத்தைப் பிரித்துப் பாதியை என் கையில் தந்துவிட்டுப் போனார்.